தொபியாஸ் வாசலில் நின்ற மரங்கள்

மூணளத்துக்கு முதலில் வந்தது ஒரு வாழை. காலை ஆறு மணி இருக்கும், பால்காரர் மணியடித்துவிட்டுப் போய்விட்டார், பேப்பர் இன்னும் வரவில்லை, அந்த இடைவெளியில், ஈரத்தில் நடக்கிற பெண்கள் சேலைக் கரையைத் தூக்கிக்கொள்வது போல வேரை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கக்கன்று ஒன்று பின்னாலேயே தத்தித் தத்தி ஓடிவர, அந்த வாழை பஸ் ரோட்டிலிருந்து இறங்கி, மாசானத்தின் டீக்கடையைத் தாண்டி, யாரிடமும் வழி கேட்காமல், தொபியாஸ் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஏன் வந்தது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. வந்தது, நின்றது.

வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த அருளாயி வாளியோடு அப்படியே நின்றாள். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"என்னங்க, ஒரு வாழை வந்திருக்கு."

"யாரு குடுத்து விட்டது?"

"யாரும் குடுத்து விடல. தானா வந்திருக்கு. குட்டியோட."

"என்ன வேணுமாம்?"

"நான் என்னன்னு கேக்க? நீங்க வந்து கேளுங்க."

தொபியாஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். வாழையைப் பார்த்தார். வாழை தன் இலைகளில் நல்லதாக ஒன்றை அவர் முகத்துக்கு நேரே தாழ்த்திப் பிடித்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று உப்பளங்களுக்கு நடுவே கிடப்பதால் அந்த ஊர் மூணளம். மண்ணைக் கிள்ளிப் போட்டால் குழம்புக்கு வேறு உப்பு வேண்டாம். குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் லாரியில் வரும். பச்சை என்று பார்த்தால் மூன்றே மூன்று: பாத்திக் கரையில் உமரி, ரோட்டோரம் சீமைக்கருவேலம், மாதா கோவில் வாசலில் காகிதப்பூ. மற்றதெல்லாம் வெள்ளை. சித்திரை வெயிலில் அந்த வெள்ளை கண்ணுக்குள் ஊசியாக இறங்கும். தொபியாஸ் முப்பத்தெட்டு வருடம் உப்பளத்து எடைமேடையில் வேலை பார்த்தார். லாரி ஏறும், முள் அசையும், நிற்கும், சீட்டு எழுதிக் கொடுப்பார், அடுத்த லாரி. ஓய்வு பெற்ற மாதம் கண் டாக்டரிடம் போனார். "உப்பு வெளிச்சம் உங்க கண்ணைத் தின்னிருக்கு. தினம் கொஞ்ச நேரம் பச்சையைப் பாருங்க" என்றார் டாக்டர்.

பார்ப்பது சுலபம். சும்மா உட்கார்ந்து பார்ப்பதுதான் தொபியாஸால் ஆகாது. பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் நடந்தே போய்விடுகிற ஆள் அவர். அதனால் பார்க்கிற நேரத்தில் கைக்கு ஒரு வேலை கொடுத்தார். தினசரி காலண்டரில் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பார்த்த செடியை வரைந்தார். ஊரில் எல்லோரும் முடிந்துபோன நாளின் தாளைத்தான் மறுநாள் காலையில் கிழிப்பார்கள். தொபியாஸ் விடிந்ததும் அன்றைய தாளையே கிழித்துவிடுவார். இன்று பார்த்தது இன்றைய தாளில்தான் இருக்க வேண்டும் என்பார். அதனால் அந்த வீட்டுச் சுவரில் எப்போதும் நாளைதான் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் முன்னதாகவே பட்டுச்சேலை கட்டிக் கல்யாண வீட்டுக்குப் போய், பந்தலுக்குக் கால் நடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் தெருவில் இரண்டு பேர் உண்டு.

இன்னொன்றும் உண்டு. எடைமேடைக்காரர் அல்லவா, இருப்பதை இருக்கிற அளவில்தான் வரைவார். இலை நாலு விரல் நீளம் என்றால் படத்திலும் நாலு விரல். பூச்சி கடித்திருந்தால் கடித்த ஓட்டையும் உண்டு. தாளுக்கு அடங்காதது வெளியே கிடக்கட்டும். இப்படிப் பதினோரு வருடம். காய்ச்சலில் படுத்த நாள், புயலில் கூரை போன நாள், மகளின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம், எதிலும் ஒரு நாள் விடுபடவில்லை. மூன்றே செடிகள், மாற்றி மாற்றி, நாலாயிரம் தாள். எல்லாம் உப்புச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

அன்று அவர் வரைந்தது வாழையிலையின் காற்றில் கிழிந்த ஓரம், ஒரு சாண். முடித்துத் தாளைத் திருப்பிக் காட்டினார். வாழை ஒரு கணம் நின்று பார்த்தது, கன்றுக்கும் காட்டுவது போலக் கொஞ்சம் விலகிக் கொடுத்தது, பிறகு வேரைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டது.

"காப்பி குடிக்கீங்களா?" என்றாள் அருளாயி.

"குடு."

மறுநாள் ஒரு கத்தரிச் செடி வந்தது. அதற்கடுத்த நாள் ஒரு செம்பருத்தியும் ஒரு கறிவேப்பிலையும் ஒன்றாக வந்து, யார் முதலில் என்று தெரியாமல் வாசலில் இடித்துக்கொண்டு நின்றன. தொபியாஸ் ஒரு நாளைக்கு ஒன்றுதான். கறிவேப்பிலை அன்று அங்கேயே தங்கியது. அப்படித்தான் வரிசை உண்டானது, மாதக் கடைசியில் அது டீக்கடை வரைக்கும் நீண்டது, கோவில் கொடைக் காலம் முடிவதற்குள் பஸ் ரோட்டைத் தொட்டது. மல்லிகையும் அரளியும் எலுமிச்சையும் வெண்டையும், ஆற்றங்கரையிலிருந்தும் மலையடியிலிருந்தும், சில பெயர் தெரிந்தும் பல பெயர் தெரியாமலும், ஒன்றன் பின் ஒன்றாக, ரேஷன் கடையில் நிற்பதைவிட ஒழுங்காக நின்றன.

ஊர் ஒரு வாரம் வாயைப் பிளந்தது. இரண்டாவது வாரம் வேலையைப் பார்த்தது. உப்பு மண் வேரைப் பொசுக்கும் என்பதால் வீட்டுக்கு ஒரு சாக்கை நனைத்துப் போட்டு அதன்மேல் அவற்றை நிற்கவைத்தார்கள். மீன்பெட்டிகள் வந்தன, உடைந்த குடங்கள் வந்தன, லாரித் தண்ணீரில் வீட்டுக்கு ஒரு செம்பு வரிசைக்கு என்று தெருவே பேசி முடிவு செய்தது. வரிசையில் நிற்பதைக் கிள்ளக் கூடாது, தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டமும் வந்தது. அன்று முதல் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் யாராவது ஒரு பெண் முறத்தோடு நின்று பலமாகத் தும்மிக்கொண்டிருப்பாள். தொட்டாற்சிணுங்கி முன்னால் வந்த நாளில் மட்டும் தெருவில் தும்மலும் கூடாது, சைக்கிள் மணியும் கூடாது. பூசணிக்கொடியின் தலை திங்கட்கிழமை வந்தது, வால் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. கத்தாழைதான் நல்ல மனசுக்காரி, "எனக்கென்ன அவசரம்" என்கிற மாதிரி தனக்குப் பின்னால் வந்ததையெல்லாம் முன்னே விட்டுவிட்டு மாதக் கணக்கில் நின்றது. பதினோரு வருடம் தொபியாஸுக்கு முகம் காட்டிய உமரி அந்தக் கோடையில் வழக்கத்தைவிட அதிகமாகச் சிவந்தது. "பொறாமை வே, பொறாமை" என்றான் மாசானம்.

செடிகளைத் தேடிச் சொந்தக்காரர்களும் வந்தார்கள். ஆற்றுப் பக்கத்து நயினார் ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து டீக்கடையில் வந்து இறங்கினார்.

"ஓய், இந்தப் பக்கம் ஒரு எலுமிச்சை வந்துச்சா? இடுப்பு உயரம், இடப்பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும்."

"ஒன்பதாவது நிக்கி பாரும்" என்றான் மாசானம். "டீ சொல்லவா?"

நயினார் எலுமிச்சைக்குப் பக்கத்தில் போய், ஊரைவிட்டு ஓடிப்போன மகளைக் கண்டுபிடித்தவர் மாதிரி, கோபமா சந்தோஷமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒன்பது நாளும் அங்கேயே தங்கினார். முறை வந்ததும் மெதுவாகத் தொபியாஸின் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு காய் சேத்துப் போடுங்க. நீங்க வரைஞ்சா காய் பிடிக்குமாம்லா."

"காய் இருக்கா?"

"இப்ப இல்ல."

"காய்ச்ச பிறகு கூட்டிட்டு வாரும்."

"ரெண்டே ரெண்டு காய்தான கேக்கேன்."

"எடையில ஏத்திப் போட என்னால ஆகாது. தள்ளி நில்லும், வெளிச்சத்தை மறைக்கீரு."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பஸ் கண்டக்டர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். ஆற்றங்கரையில் நட்டாத்தூர் என்று ஒரு ஊர், முப்பத்தாறு கிலோமீட்டர். அங்கிருந்து ஒரு நாவல் மரம் கிளம்பியிருக்கிறது. ஓட்டு வீட்டைவிட இரண்டு மடங்கு உயரம். பூத்துக் குலுங்குகிற மரம், கிழட்டு மரம், ஒரு நாளைக்கு இரண்டு ஃபர்லாங்குக்கு மேல் நடக்க முடியவில்லை. கூடவே ஒரு பெண் குடமும் கையுமாக நடந்து வருகிறாள்.

"பொம்பளை எப்படி இருந்தா?" என்றார் தொபியாஸ்.

"ஒல்லியா, நெட்டையா, வெத்தலை போட்டுக்கிட்டு. ஹார்ன் அடிச்சா டிரைவரைத் திட்டுது."

தொபியாஸ் கையில் பென்சில் முனை ஒடிந்தது. அதைச் சீவுவதற்கு அவர் அன்று எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு பென்சிலைத் தீர்த்திருக்கலாம்.

அவள் ஞானப்பூ. கூடப் பிறந்த தங்கை. பேசி இருபத்திரண்டு வருடம். அந்த நாவல் மரம் அவர்கள் பிறந்த வீட்டு முற்றத்தில் நிற்பது. வீடு ஞானப்பூவுக்குப் போனது, அதில் சண்டை இல்லை. மூணளத்தில் வீடு கட்டும்போது வாசல் நிலைக்கு நல்ல மரம் கிடைக்கவில்லை என்று தொபியாஸ் ரம்பத்தோடு அங்கே போனார். ஞானப்பூ வேளாங்கண்ணிக்குப் போயிருந்தாள். வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று பத்து நாள் காத்திருக்க அவர் ஆள் இல்லை. மரத்தின் பெரிய கொம்பை, ஞானப்பூவின் பிள்ளைகள் ஊஞ்சல் கட்டி ஆடிக்கொண்டிருந்த கொம்பை, கயிற்றை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு அறுத்து எடுத்து வண்டியில் ஏற்றிவந்தார். அவள் திரும்பி வந்து பார்த்தாள், நேரே மூணளத்துக்கு பஸ் ஏறினாள். "கேட்டிருந்தா நானே ஆளை விட்டு வெட்டிக் குடுத்திருப்பேனே. இனி நீங்க என் வாசல் மிதிக்கக் கூடாது" என்றாள். "மிதிக்கல" என்றார் இவர். அவ்வளவுதான் நடந்தது. அவள் கூப்பிட மாட்டாள், இவர் போக மாட்டார். அந்தக் கொம்பில் செய்த நிலைதான் இன்றைக்கும் தொபியாஸ் வீட்டு வாசலில் நிற்கிறது.

மூன்று மாதம் பஸ் கண்டக்டர்தான் ஊருக்கு ரேடியோ. "இன்னைக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துட்டு." "செக்போஸ்டுல நிறுத்திட்டாங்க, மரத்துக்கு என்ன பேப்பர் காட்ட? அந்தம்மா பேசின பேச்சுல அவங்களே கட்டையைத் தூக்கி விட்டுட்டாங்க." "பூவெல்லாம் உதிர்ந்து பிஞ்சு விட்டிருக்கு." "பிஞ்சு கருக்குது வே, பழமாகுது." மின்சாரக் கம்பி வந்த இடத்தில் மரம் தலையைக் குனிந்து கடந்தது, வயல்காரர்கள் வாய்க்காலைத் திறந்துவிட்டு இரவு தங்கவைத்தார்கள், பின்னால் ஆடுகள் கூட்டமாக வந்தன, ஆனி போய் ஆடி பிறந்தபோது ரோடே நாவற்பழக் கறையில் ஊதாவாகக் கிடந்தது, பஸ்ஸின் டயரும் ஊதா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நாக்கும் ஊதா. பஸ் வரும் நேரத்துக்கெல்லாம் டீக்கடையில் தொபியாஸுக்கு ஏதாவது வேலை இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மரம் வந்து சேர்ந்தது. வரிசை தானாக ஒதுங்கி வழிவிட்டது, கத்தாழை உட்பட. தெருவை அடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஓட்டில் பழங்களைச் சடசடவென்று கொட்டிக்கொண்டு, அது தொபியாஸ் வாசலுக்கு வந்து, நின்று, மூச்சு வாங்குவது போல ஒருமுறை இலைகளைச் சிலிர்த்தது. பின்னால் ஞானப்பூ குடத்தை இறக்கி வைத்தாள்.

"வா நாத்தி" என்றாள் அருளாயி, நேற்றுத்தான் பார்த்தவளைப் போல. "கால் வலிக்கா?"

"வலிக்காம என்ன மதினி. சாப்பிட என்ன இருக்கு?"

"நெத்திலிக் குழம்பு."

ஞானப்பூ அண்ணனைப் பார்க்கவில்லை. தொபியாஸ் தங்கையைப் பார்க்கவில்லை. அடுத்த நாலு நாளும் அருளாயி வழியாகத்தான் எல்லாம். "அவளுக்குப் பாய் வேணுமான்னு கேளு." "வேண்டாம்னு சொல்லுங்க மதினி, நான் மரத்தடியிலதான் படுப்பேன்." இரண்டு பேரும் மூன்றடி தூரத்தில்தான் இருப்பார்கள்.

புதன்கிழமை காலையில் தொபியாஸ் தாளைக் கிழித்தார், நாற்காலியைப் போட்டார், ஒரு நாவல் இலையை வரைந்தார். நரம்பு நரம்பாக, அருமையான இலை. திருப்பிக் காட்டினார். மரம் அசையவில்லை. வியாழக்கிழமை ஒரு கொத்துப் பழம் வரைந்தார். அசையவில்லை. வெள்ளிக்கிழமை பட்டையை, அதில் ஊர்ந்த எறும்போடு சேர்த்து வரைந்தார். மரம் நின்ற இடத்திலேயே நின்றது.

சரியாகச் சொன்னால், நின்ற இடத்தில் அது மெதுவாகத் திரும்பியது. முதலில் கவனித்தவன் மாசானம்தான்.

"அண்ணாச்சி, நீரு நாற்காலியைப் போடுத பக்கமெல்லாம் அது திரும்புது வே. மூணு நாளாப் பாக்கேன். காலையில நீரு கிழக்க உக்காருதீரு, அது கிழக்க திரும்புது. எந்திரிச்சு மேற்க போறீரு, அதுவும் மேற்க திரும்புது. அந்தக் கொம்பு வெட்டின வாயைத்தான் உம்ம மூஞ்சிக்கு நேர காட்டுது."

"டீயப் பாரும்."

"டீ கெடக்கட்டும். நீரு ஏன் ஓடுதீரு?"

தெரு முழுவதும் கேட்டது. ஞானப்பூ வெற்றிலையை மடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். அதற்குள் உப்பு மண் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. அவ்வளவு பெரிய வேருக்கு எத்தனை சாக்கை நனைப்பது? தெருவே குடிதண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உச்சியில் இலைகள் மஞ்சளாகி, காற்றே இல்லாமல் உதிர்ந்தன. வரைந்து முடிக்காமல் எந்தச் செடியும் இதுவரை திரும்பிப் போனதில்லை. இன்னும் இரண்டு நாள் நின்றால் இந்த மரம் திரும்பிப் போகவே போகாது. அது தொபியாஸுக்குத் தெரியும், தங்கைக்கும் தெரியும். ஒருவரிடம் ஒருவர் சொல்லத்தான் வழியில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் தொபியாஸ் நாற்காலியை வெட்டுவாய்க்கு நேராகவே போட்டு உட்கார்ந்தார். நன்றாகப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் பட்டை ஓரமெல்லாம் உதடு போலத் தடித்துச் சுருண்டு, நடுவில் கட்டை கருத்து வெடித்து, வளையம் வளையமாக, இரண்டு கையாலும் அணைத்தால்தான் அடங்கும் அளவுக்கு இருந்தது. கையில் இருந்த தாளை அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஒரு மூலைக்குக்கூடக் காணாது. சுருக்கி வரைந்தால் ஒரு தாளில் முடிந்துவிடும். பென்சிலை எடுத்தார். வைத்தார். இத்தனை வருடமாக எதையும் ஒரு நூல் குறைத்து வரையாதவர், இதைப் போய்க் குறைப்பதா?

எழுந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். மூணளத்தில் யாரிடமும் ஒரு தீப்பெட்டிகூடக் கேட்டறியாத மனிதர். கதவைத் திறந்த பெண் பயந்துபோனாள்.

"என்ன மாமா, அத்தைக்கு உடம்புக்கு ஏதும்…"

"இல்ல." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க காலண்டர்ல இன்னைக்குத் தாளு ஒண்ணு வேணும். குடுப்பியா?"

"இன்னைக்குத் தாளா? இன்னும் பொழுதே போகலையே மாமா. நேத்துள்ளது தரட்டா?"

"இன்னைக்கு வரையுதது இன்னைக்குத் தாளுலதான் இருக்கணும்." பிறகு, அவர் வாயிலிருந்து அந்தத் தெரு அதுவரை கேட்காத ஒரு சொல்லும் வந்தது. "தயவு செஞ்சு."

அந்தச் சொல் அவருக்கு முன்னால் ஓடித் தெருக்கோடியைத் தொட்டது. நாலாவது வீட்டுக்கு அவர் போய்ச் சேரும் முன்பே கதவுகள் திறந்திருந்தன, தாள்கள் கிழிந்திருந்தன. ஜவுளிக்கடை காலண்டர், நகைக்கடை காலண்டர், மாதா படம் போட்டது, முருகன் படம் போட்டது, பிறை போட்டது, எல்லாவற்றிலிருந்தும் அதே சனிக்கிழமை, நாற்பத்திரண்டு சனிக்கிழமை. மாசானம் கடைக்கதவுப் பலகை இரண்டைக் கழற்றிக் கொண்டுவந்தான். அருளாயி மைதாப் பசை காய்ச்சினாள். தாள்களைத் தேதி உள்ளே போகும்படி கவிழ்த்து, ஓரத்தோடு ஓரம் வைத்துப் பலகையில் ஒட்டினார்கள். தொபியாஸ் வரையத் தொடங்கினார்.

இதற்கிடையில் மூணளத்துச் சுவர்களில் எல்லாம் நாளை வந்துவிட்டது. நாளை ஞாயிறு, சிவப்பு மையில் பெரிதாக. உப்பளத்துக்குக் கிளம்பியவர்கள் செருப்பை மாட்டும்போது சுவரைப் பார்த்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள். அவர்களை அதட்டி எழுப்ப வேண்டிய கங்காணி தன் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். உபதேசியார் ஓடிப்போய்க் கோவிலில் பூசைக்கு முதல் மணி அடித்தார்.

பங்குச் சாமியார் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "என்ன உபதேசியாரே, இன்னைக்குச் சனிதானே?"

"எங்க வீட்டுல ஞாயிறு, சாமி."

"எனக்குச் சனி."

"தெருப் பூராவும் ஞாயிறு, சாமி. நீங்க ஒருத்தர்தான் சனி."

சாமியார் தெருவைப் பார்த்தார். ஆட்டுக்கறி வாங்கப் பையோடு போகிறவர்கள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிற பெண்கள், மரத்தடியில் பழம் பொறுக்குகிற முக்கால்வாசி ஊர். அவரும் துண்டை விரித்துப் பழம் பொறுக்கப் போனார். வேலைக்குப் போகாத ஆண்களும் பெண்களும் குடம் குடமாக மரத்துக்குத் தண்ணீர் சுமந்தார்கள். கத்தாழை, வரிசை, ஆடுகள், நாலைந்து ஊர் நாய்கள் எல்லாம் வட்டமாக நிற்க, நடுவே கிழவர் வேர்வை வழிய வரைந்துகொண்டிருந்தார், வெயில் ஏறியது, சாய்ந்தது, கறிக்குழம்பு மணம் எழுந்து அடங்கியது, ஒரு பென்சில் தீர்ந்து அடுத்தது வந்தது, வளையம் வளையமாக, வெடிப்பு வெடிப்பாக, ரம்பம் ஏறி இறங்கிய ஒவ்வொரு கீறலாக, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் குறைக்காமல்.

அஞ்சு மணி சுமாருக்குப் பென்சிலை வைத்தார். பலகையை நிமிர்த்தி மரத்துக்குக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். ஊரே மரத்தைப் பார்த்தது.

மரம் அசையவில்லை.

"அண்ணே."

எல்லோரும் திரும்பினார்கள். ஞானப்பூ. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தாள்.

"ஒண்ணை விட்டுட்டீங்க."

"எதையும் விடல."

"விட்டுட்டீங்க. மேல் உதட்டுல, இடப்பக்கம். ஒரு துளிர் இருக்கு."

தொபியாஸ் நாற்காலியில் ஏறி நின்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"இல்ல."

"இருக்கு. செக்போஸ்டு தாண்டும்போது விட்டுச்சு. நான் தினம் பாத்துக்கிட்டுத்தான வாரேன்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "என் கண்ணுக்குத் தெரியல, பூவு."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அண்ணனின் வலது கையைப் பிடித்தாள். சுட்டுவிரலைக் கொண்டுபோய் வெட்டுவாயின் மேல் ஓரத்தில், சுருண்ட பட்டையின் மடிப்புக்குள் வைத்தாள். பல்குச்சி கனம்கூட இல்லை. இரண்டு இலை, ஒன்று இன்னும் விரியவில்லை. தொபியாஸ் விரலால் அதன் நீளத்தை அளந்தார், மறுபடி அளந்தார். இறங்கி வந்து, பார்க்காமலே, விரல் சொன்ன அளவில் அதை வரைந்தார்.

அந்தக் கடைசிக் கோடு முடிந்ததும் நாவல் மரம் உச்சி முதல் அடி வரை ஒரு குலுங்கு குலுங்கியது. மிச்சம் இருந்த பழங்களெல்லாம் மழையாகக் கொட்டின. சாமியாரின் வெள்ளை அங்கி உட்பட ஊரில் கறை படாத துணி ஒன்று மிச்சமில்லை. கூச்சலும் சிரிப்பும் அடங்க வெகுநேரம் ஆனது.

"பெரிய கொம்புதான்" என்றார் தொபியாஸ், பலகையைப் பார்த்தபடி.

"இப்பவாவது தெரிஞ்சுதா?" என்றாள் ஞானப்பூ.

மறுநாள் நிஜமான ஞாயிறு. சுவர்களிலும் அதே ஞாயிறுதான் இருந்தது, யாரும் அதைக் கிழிக்கவில்லை, ஆகையால் அந்த வாரம் மூணளம் இரண்டு ஞாயிறு கொண்டாடியது. காலையில் மரம் வேர்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் பார்த்துத் திரும்பியது. ஞானப்பூ குடத்தை இடுப்பில் வைத்தாள்.

தொபியாஸ் நிலைக்கு வெளியே வந்து நின்றார். தோளில் ஒரு பை. அதற்குள் ஆறு பென்சில், சுவரிலிருந்து கழற்றிய காலண்டர். பின்னால் அருளாயி சாப்பாட்டுத் தூக்கோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். தொபியாஸ் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"திரும்பப் போக மூணு மாசம் ஆகுமே. நானும் கூட வரட்டா?"

ஞானப்பூ நின்றாள். "கேக்கீங்களா?"

"கேக்கேன்."

"அப்ப வாங்க."

மரம் நகர்ந்தது. அதன் பின்னால் அவர்கள் மூன்று பேர், அவர்கள் பின்னால், தங்கள் முறையை விட்டுக்கொடுக்க மனமில்லாத வரிசை முழுவதும், மீன்பெட்டிகளையும் ஈரச் சாக்குகளையும் விட்டு இறங்கி, முன்னது முன்னே பின்னது பின்னே என்று ஒழுங்கு கலையாமல் கிளம்பியது. தினம் ஒன்றாக வழியில் வரைந்துகொள்ளலாம் என்று அவற்றுக்கும் தெரிந்திருந்தது. கத்தாழை கடைசியில் வந்தது. பஸ் கண்டக்டர் விசில் அடித்து வழிவிட்டார்.

முதல் ஃபர்லாங்கைத் தாண்டுவதற்குள் மதியமாகிவிட்டது. ஊதா ரோட்டின் நடுவே நின்றுகொண்டு தொபியாஸ் மரத்தை அண்ணாந்து பார்த்துக் கத்துவது மூணளம் வரைக்கும் கேட்டது.

"கொஞ்சம் எட்டித்தான் நடையேன்!"